முகத்துவாரம் கரையா, கடலா

சேசு மரி சூசை துணை

ஜெகதாப்பட்டினம்
12-1-1959

'சங்கு வேட்டை' விளையாட்டைச் செய்த ஐயா அவர்களுக்கு,

இன்னாசியம்மாள் எழுதிக்கொள்வது. பெட்டியின் அடியில் 'ஏகாம்பரம், எழுதுபொருள் கடை, திருமயம்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதுகிறேன். அந்தக் கடை இன்னும் இருக்கிறதோ, இந்தக் கடிதம் யார் கையில் போய்ச் சேருமோ தெரியவில்லை. சேர்ந்தால் தயவுசெய்து ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள்.

எங்கள் அப்பா ஆவுடையார்கோவில் திருவிழாக் கடையில் இந்தப் பெட்டியை வாங்கி வந்தார். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடலுக்குப் போக முடியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் கிடப்போம். பெட்டி வந்த பிறகு அந்த மாதங்கள் போவதே தெரியவில்லை. கூரையில் மழை விழுந்துகொண்டே இருக்கும். நாங்கள் உங்கள் நீலப் பலகையில் படகு ஓட்டிக்கொண்டிருப்போம். சில சமயம் வெளியே இரைவது எந்தக் கடல், விரல் பட்டு நகர்வது எந்தக் கடல் என்று எனக்குக் குழம்பிவிடும்.

விஷயம் இதுதான். ஆளுக்கு ஒரு கரை. அங்கிருந்து முகத்துவாரம் வழியாகப் படகை வெளியே கொண்டுபோய், நடுக்கடலில் இருக்கும் ஒரே வலம்புரிச் சங்கை எடுத்துத் தன் கரைக்குக் கொண்டுவருகிறவர் ஜெயித்தவர். நடுவில் காற்றுச் சீட்டு எடுத்தால் அதில் உள்ளபடி நடக்க வேண்டும். என் அண்ணன் குழந்தைசாமி சங்கோடு பாதிக் கடல் திரும்பிவிட்டார். தம்பி ராசுவின் படகு அவனுடைய முகத்துவாரக் கட்டத்தில் நின்றது. அப்போது ராசு எடுத்த சீட்டு இது:

"எதிர்காற்று. கடலில் உள்ளவர் வெறுங்கையாய்க் கரை சேர்க. சங்கு கரையில் இருப்பவருக்கு."

"நான் நிக்கிறது கரை. சங்கு எனக்கு" என்கிறான் ராசு. "முகத்துவாரம் கடல்டா. கரையில ஆளே இல்ல. ஆளில்லாட்டி சீட்டு செல்லாது, சங்கு எங்கிட்டயே இருக்கும்" என்கிறார் அண்ணன். முகத்துவாரம் எதில் சேர்த்தி என்று உங்கள் விதித்தாளில் எங்கும் இல்லை.

பலகையை யாரும் கலைக்கவில்லை. சீட்டு பறக்காமல் இருக்க மேலே மீன்கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். சோறு போடும்போதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்னாசியம்மாள்


சிவமயம்

திருமயம்
19-1-1959

சகோதரி இன்னாசியம்மாளுக்கு ஏகாம்பரம் எழுதுவது.

கடையும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். சங்கு வேட்டையைப் பற்றி எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது. உடனே என் மனைவி உண்ணாமலையைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "பெட்டி எல்லாம் பரண்ல தூங்குதுன்னு நெனச்சேன். ஒண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கு போல" என்றாள். சிவகாசியில் அச்சடித்து வந்த பெட்டிகளில் முக்கால்வாசி இன்னும் எங்கள் பரணில்தான் இருக்கின்றன. அதனால் உங்கள் வீட்டில் ஒரு பெட்டிக்காகச் சண்டை நடக்கிறது என்று கேட்டதும், சொல்லக் கூடாதுதான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நான் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் கப்பலேறி ரங்கூன் போனவர்கள். என் முறை வருவதற்குள் யுத்தம் வந்து ரங்கூன் கைவிட்டுப் போயிற்று. பஸ் ஏறினால் கடலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் கப்பலேற வேண்டியவன் கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவதா என்று ஒரு வீம்பு. அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

சித்தன்னவாசல் குகைக்கு மட்டும் அடிக்கடி போவேன். அங்கே மேல்கூரையில் ஒரு தாமரைக்குளம் தீட்டியிருக்கிறார்கள். மல்லாந்து படுத்துப் பார்த்தால் குளம் நமக்கு மேலே மிதக்கும். மீன்கள் நம் நெற்றிக்கு மேலே போகும். ஒரு மத்தியானம் அப்படிப் படுத்துக் கண் செருகியபோது தாமரைகள் எல்லாம் அவிழ்ந்து படகுகளாகப் போனதுபோல் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் வரைய உட்கார்ந்தேன். உங்கள் பலகையில் இருக்கும் கடல் அந்தக் குளம்தான்.

இனித் தீர்ப்பு. கடல் கட்டங்களுக்கு நீலம் கொடுத்திருக்கிறேன். முகத்துவாரத்துக்கு மணல் நிறம். ஆகவே முகத்துவாரம் கரையே. சங்கு தம்பி ராசுவுக்கு. அண்ணன் மனம் தளர வேண்டாம், அடுத்த ஆட்டம் இருக்கவே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஏகாம்பரம்


சேசு மரி சூசை துணை

ஜெகதாப்பட்டினம்
2-2-1959

ஐயா அவர்களுக்கு,

உங்கள் பதில் வந்தது. தபால்காரர் குரல் கேட்டு மூன்று பேரும் ஓடினோம். ராசு கையில் கிடைத்தது. வாசலிலேயே நின்று சத்தமாகப் படித்தான். கடலைப் பார்த்ததில்லை என்ற இடத்தில் அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் முழுவதும் படித்தான்.

முதல் கடிதத்தில் நான் ஒன்றை எழுதவில்லை. விளையாட்டைப் பற்றிக் கேட்கிற இடத்தில் குடும்ப விஷயம் எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

சென்ற ஐப்பசியில் அப்பா காலமானார். அவர் விட்டுப்போனது ஒரு வள்ளம். அண்ணனுக்கு அதில் தொழிலுக்குப் போக வேண்டும். ராசுவுக்குக் கடல் ஒத்துக்கொள்வதில்லை, படகேறினால் வாந்திதான். வள்ளத்தை விற்றுத் தன் பங்கோடு தூத்துக்குடி போய் லாரித் தொழிலில் சேர வேண்டும் என்கிறான். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வள்ளத்தைப் பாதியாக அறுக்க முடியுமா? கோயில் சாமியாரிடம் போனார்கள், ஊர்ப் பெரியவர்களிடம் போனார்கள். போன இடமெல்லாம் சண்டை வளர்ந்துதான் திரும்பியது. கடைசியில் ஒரு மழை நாளில், பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்த அண்ணன், "சங்கு யாருக்கோ வள்ளம் அவனுக்கு. அதுக்கப்புறம் பேச்சில்ல" என்றார். ராசு, "சரி" என்றான். அப்படி ஆடிய ஆட்டம்தான் கூடைக்கு அடியில் இருப்பது.

நீங்கள் ராசுவுக்குக் கொடுத்தது ஒரு வள்ளம், ஐயா.

கடிதம் படித்து முடிந்ததும் அண்ணன், "கடலப் பார்க்காதவரு கடலுக்கு எல்லை சொல்லிட்டாரு" என்றார். அப்புறம் போய் மணலில் ஏற்றிக் கிடக்கும் வள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டார். பகலெல்லாம் அங்கேதான். சாப்பிட வந்தாலும் சுவரைப் பார்த்து உட்காருகிறார். கோட்டைப்பட்டினத்திலிருந்து வள்ளம் வாங்க ஒருவர் வந்தார். அண்ணன் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே பலகைகளை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

படகு ஓடாமல் காய்ந்தால் பலகை விரியும். நான்தான் தினமும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறேன். அண்ணன் காலைத் தூக்கிக்கொள்வார்.

தீர்ப்பை மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னாசியம்மாள்


சிவமயம்

திருமயம்
6-2-1959

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு கடையைத் திறக்க மனம் வரவில்லை. முகத்துவாரத்துக்கு ஏன் மணல் நிறம் கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கடலின் நீலத்துக்கும் கரையின் பச்சைக்கும் நடுவே கொஞ்சம் மஞ்சள் இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்குமே என்று கொடுத்தது. அந்த மஞ்சளை வைத்து ஒரு வள்ளத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைக்கிறேன். இந்தக் கடிதத்தை இருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். விலை பேச வந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். விளையாட்டை விட்டுவிட்டு வேறு வழியில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் எழுதினேன், பிறகு கிழித்துவிட்டேன். ஊரும் கோயிலும் தீர்க்காததை ஒரு அட்டைப்பலகையிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை நான் கைகழுவக் கூடாது.

கூடையை எடுத்துவிட்டுப் பலகை இருக்கிற நிலையை அப்படியே எழுதி அனுப்புங்கள். எந்தப் படகு எந்தக் கட்டத்தில் என்று ஒன்று விடாமல் வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும். சங்கு வேட்டை இரண்டு பேர் ஆடும் ஆட்டம் இல்லை. மூன்று கரை, மூன்று படகு. மூன்று பேர் உட்கார்ந்தால்தான் சீட்டுச் சுற்று சரியாக வரும். மூன்றாவது ஆள் யார்? அப்பா காலமான பிறகு ஆடிய ஆட்டம் என்கிறீர்களே.

எழுதிக்கொண்டிருக்கும்போது உண்ணாமலை தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். "அண்ணனுக்கு என்ன வேணும், தம்பிக்கு என்ன வேணும்னு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஏகாம்பரம்


சேசு மரி சூசை துணை

ஜெகதாப்பட்டினம்
15-2-1959

ஐயா அவர்களுக்கு,

வாசித்துக் காட்டினேன். ராசுவுக்குக் கோபம். "அவரே சொல்லிட்டு அவரே நிறுத்துவாராமா?" என்றான். ஆனால் கோட்டைப்பட்டினத்துக்காரரிடம் போய்ப் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தான். அவனும் கெட்டவன் இல்லை.

கூடையை எடுத்தேன். பலகையின் மேல் மணல் படிந்து, கடலில் சின்னச் சின்னத் திட்டுக்கள் முளைத்த மாதிரி இருந்தது. ஊதாமல் அப்படியே பார்த்து எழுதுகிறேன். சிவப்புப் படகு அண்ணனுடையது. நடுக்கடலில், சங்கோடு. மஞ்சள் படகு ராசுவுடையது. அவன் முகத்துவாரத்தில். பச்சைப் படகு அதன் கரையில் கிடக்கிறது.

பச்சை என்னுடையது. மூன்று பேர் வேண்டும் என்று உங்கள் விதித்தாளில் இருப்பதால் என்னை உட்கார வைத்தார்கள். கையில் வலைநூல் இருந்தது, பின்னிக்கொண்டே ஆடினேன். என் முறை வரும்போதெல்லாம், "ஒரே எடத்துல நில்லு, போதும்" என்று ராசு சொல்வான். நின்றேன். அவர்கள் இருவருக்கும் நடக்கிற வழக்கில் நான் குறுக்கே போகக் கூடாது என்று எனக்கும் தோன்றியது.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. எழுதுவதும் அடிப்பதுமாக இரண்டு தாள் வீணாயிற்று.

வள்ளத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து மத்தியானத்தில் கொஞ்சம் கண் அயர்வேன். ஒரே கனவுதான் வருகிறது. வள்ளம் மணலிலிருந்து தானாக எழுந்து பனைமரங்களுக்கு நடுவே போகிறது. கடலை நோக்கிப் போகாமல் ஊருக்குள் வருகிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிதானித்துவிட்டுப் போகிறது. எங்கள் வாசலிலும் வந்து நிற்கிறது. அதற்குள் ஆள் இல்லை. பாய் மட்டும் விரிந்திருக்கிறது. நான் ஏறலாமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருக்கும். கேட்க ஆள் தேடும்போது விழிப்பு வந்துவிடும்.

வள்ளம் விற்கக் கூடாது. அது எனக்கு வேண்டும். ராசு விரும்பியது அவனுக்குக் கிடைக்க வேண்டும். அதுவும் வேண்டும். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

இன்னாசியம்மாள்


சிவமயம்

திருமயம்
3-3-1959

சகோதரி இன்னாசியம்மாளுக்கு,

கடலைப் பார்த்துவிட்டேன்.

அறந்தாங்கி போய், அங்கிருந்து ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் பஸ் பிடித்தேன். உங்கள் ஊர் பக்கத்தில்தான் என்று தெரியும். வரவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ஆறு கடலில் விழும் இடம் எங்கே என்று விசாரித்து, உப்பளத்து ஓரமாக நடந்தேன்.

வெளிச்சத்தில் கண் கூசியது. எங்கே ஆறு முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தண்ணீர் ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் சாம்பல், நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு நெளிந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் போன தண்ணீர் இதுதானே என்று நினைத்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. தூக்கம் வருவதுபோல் ஒரு சுகம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஒரு படகு உள்ளே வந்தது. அந்தக் கோட்டைத் தாண்டும் இடத்தில் அலை தூக்கிப் போட்டது. படகில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கரையில் காத்திருந்த பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். படகின் அடி மணலில் உரசி, முதல் ஆள் குதித்த பிறகுதான் அவர்கள் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அதற்கு மேல் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முகத்துவாரத்தில் நிற்பவர் இன்னும் கரை சேராதவர். முகத்துவாரம் கடல்.

அண்ணன் சொன்னது சரி. ஆனால் அண்ணன் அதோடு இன்னொன்றும் சொன்னார்: கரையில் ஆளில்லை என்று. அங்கே ஆள் இருக்கிறது. பச்சைப் படகு ஆட்டம் தொடங்கியதிலிருந்து கரையில்தான் இருக்கிறது. கரையில் இருப்பவர் ஆசைப்பட்டு இருந்தாரா, இருக்கச் சொல்லி இருந்தாரா என்று சீட்டு கேட்கவில்லை. சிவப்பும் மஞ்சளும் வெறுங்கையாய்க் கரை சேர வேண்டும். சங்கு பச்சைக்கு. அந்தச் சங்கு பச்சையின் கரையிலேயே இருப்பதால் ஆட்டம் முடிந்தது.

உங்கள்மேல் உள்ள இரக்கத்தால் விதியை வளைக்கிறேனோ என்று எனக்கே பயம் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, நீங்கள் எழுதியபடி படகுகளை வைத்தேன். எது யாருடையது என்று உண்ணாமலையிடம் சொல்லவில்லை. முகத்துவாரம் கடல் என்று மட்டும் சொல்லிச் சீட்டைக் கொடுத்தேன். ஒருமுறை வாசித்துவிட்டுச் சங்கை எடுத்துப் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுல என்ன குழப்பம்?" என்றாள்.

இதுவே என் முடிவு. இனி மாற்ற மாட்டேன். இதற்கு மேல் வள்ளத்தை என்ன செய்வது என்று நான் சொல்லக் கூடாது. அது உங்கள் வேலை.

ஏகாம்பரம்


சேசு மரி சூசை துணை

ஜெகதாப்பட்டினம்
20-8-1959

ஐயா அவர்களுக்கும் உண்ணாமலை அக்காவுக்கும்,

இத்தனை மாதம் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

உங்கள் கடிதத்தை இந்த முறை நானே வாங்கினேன். என்னால் சத்தமாகப் படிக்க முடியவில்லை. அண்ணனிடம் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். சங்கு பச்சைக்கு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

ராசுதான் முதலில் பேசினான். "மூணாவது ஆளு வேணும்னுதானே ஒன்ன ஒக்கார வச்சோம்?"

"ஒக்கார வச்சீங்கள்ல. ஒக்காந்துதான் இருந்தேன்" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

அண்ணன் கூடையை எடுத்தார். சிவப்புப் படகை அதன் கரையில் கொண்டுபோய் வைத்தார். ராசுவின் படகையும் வைத்தார். சங்கை எடுத்து என் கரையில் வைத்துவிட்டு, "சொன்ன பேச்சு சொன்னதுதான்" என்றார். பலகையை மடித்துப் பெட்டியில் போட்டதும் அந்த இடம் வெறும் தரையாக இருந்தது. அன்றைக்கெல்லாம் நான் பழக்கத்தில் சுற்றிச் சுற்றியே நடந்தேன்.

ராசு எழுந்து போய்விட்டான். மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு வந்தான். "அண்ணங்கிட்ட தோத்திருந்தா தூங்கியிருக்க மாட்டேன். ஒங்கிட்ட தோத்துட்டு நல்லாத் தூங்கிட்டேன்" என்றான். வள்ளத்தை விற்க மாட்டேன் என்று அவனிடம் சொன்னேன். "தெரியும்" என்றான். உள்ளே போய் ஒரு பெரிய வலையை எடுத்துவந்து அவன் முன்னால் போட்டேன். பருத்தி நூலில் போன மழைக்காலமும் அதற்கு முந்தின மழைக்காலமும் நான் பின்னியது. அது என்னுடையது என்று இந்த வீட்டில் யாரும் மறுக்க முடியாத ஒரே பொருள். "வித்துக்க, இல்ல வச்சுக்க. ஒம் பங்கு இது" என்றேன். கண்ணிகளை விரலால் நீவிப் பார்த்துக்கொண்டே நின்றான். பஸ் மேல் வலையை ஏற்றிக் கட்டிக்கொண்டு போனான். இப்போது தூத்துக்குடியில் லாரிக்குக் கிளீனர். வலையை விற்றுவிட்டான் என்று எழுதியிருந்தான். படித்தபோது சுருக்கென்றது. பிறகு சரியாகிவிட்டது.

வலை இல்லாத வள்ளம் எங்களிடம் இருந்தது. அண்ணனும் நானும் பழைய வலைகளைக் கோத்து ஒட்டுப்போட்டோம். அவர் ஒரு ஓரத்தில், நான் ஒரு ஓரத்தில். பேச்சு முழுவதும் திரும்பிவிடவில்லை. பின்னிப் பின்னி நடுவில் வந்து சேரும்போது, "அந்த முடிச்ச இறுக்கு" என்பார். முதலில் அந்த அளவுக்குத்தான் பேச்சு. வள்ளத்தைத் தள்ளிய நாளில் விரிசலில் தண்ணீர் ஏறியது. இறைத்து ஊற்றிவிட்டு மறுபடி போனார். நான் கரையில் நின்றேன். முகத்துவாரத்தில் வள்ளம் தூக்கிப் போடும்போது, நீங்கள் எழுதியது போலவே, எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

எனக்கு இப்போது அந்தக் கனவு வருவதில்லை. வெயிலில் கண்ணை மூடினால் வெறும் வெளிச்சம்தான் தெரிகிறது.

சென்ற வாரம் நல்ல பாடு, வலை நிறைய மீன். மீன் ஏலம் விடுகிறவர் திருப்பதி என்பவர், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். எங்கள் கரைக்குப் புதிது. கூடையைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "ஒங்க வள்ளமா? என்ன வெலைக்கு ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டார். அண்ணன் வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? வள்ளக்காரி அங்கிட்டு நிக்கிறா" என்றார்.

திருப்பதி திரும்பி என்னைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். அண்ணன் நண்டைப் பிரித்துக்கொண்டே இருந்தார். நான் சொல்லும் வரைக்கும் நிமிரப் போவதில்லை என்று தெரிந்தது.

விலையைச் சொன்னேன்.

இப்படிக்கு,
இன்னாசியம்மாள்